குடுவையில் வளர்ந்த அமுக்கரா வேர் குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

திசு வாழைக் கன்று வாங்கி நட்டுப் பழகிய நம் மதுரை, தேனிப் பகுதி விவசாயிகளுக்குத் திசு வளர்ப்பு புதிதன்று. ஆனால் கன்றுகளோடு நில்லாமல், குடுவையிலேயே வளர்த்து அறுவடை செய்த அமுக்கரா (அசுவகந்தா) வேரை உலர்த்தித் தூளாக நாங்கள் விற்கத் தொடங்கிய பிறகு, கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடைக்காரர்களும் சித்த மருந்து தயாரிப்போரும் ஒரே கேள்வியைப் பலவிதமாகக் கேட்டு வருகிறார்கள்: மண்ணையே காணாத வேர் மருந்துக்கு ஆகுமா? எதற்கு வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து எங்கள் விடை மாறுவதால், சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் செய்முறை. நோயற்ற அமுக்கராச் செடியின் இலைத் துண்டைக் கிருமி நீக்கி, தாது உப்புகளும் வைட்டமின்களும் லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரையும் கலந்த ஊடகத்தில் வைக்கிறோம். முராஷிகே, ஸ்கூக் என்ற இரு அறிவியலாளர்கள் புகையிலைத் திசுவுக்காக 1962-இல் வெளியிட்ட கலவைதான் இன்றும் பெரும்பாலான ஆய்வகங்களில் இதற்கு அடிப்படை. ஊடகத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 5.8-க்குக் கொண்டுவந்து, 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் அழுத்தத்துடன் வேகவைத்து ஆறவிட்ட பின்னரே திசு அதனுள் செல்லும். ஊடகத்தை உறையச் செய்யும் அகர், இராமநாதபுரம் கடலோரத்துப் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்து பாசி போன்ற கடற்பாசிகளிலிருந்து கிடைப்பது. அகர் ஆலைகள் நம் மதுரையிலேயே இருப்பதைப் பலர் அறியார். இன்டோல் பியூட்ரிக் அமிலம் என்னும் வேரூக்கியைச் சேர்த்ததும் இலைத் துண்டின் வெட்டிலிருந்து வேர்கள் கிளைக்கின்றன. அவற்றை வெட்டித் திரவ ஊடகத்துக்கு மாற்றி, இடைவிடாது அசையும் குடுவைகளில் சில வாரங்கள் வளர்த்த பின் கழுவி உலர்த்துகிறோம்.

ஒரு வகை மண் பாக்டீரியத்தைத் தொற்றச் செய்து மயிரிழை போன்ற வேர்களைப் பெறும் முறையும் உண்டு. அது வேகமாக வளரும், ஊக்கியும் வேண்டாம். எனினும் அந்த பாக்டீரியத்தின் மரபணுக்களில் சில செடியின் செல்லுக்குள் நிலையாகப் புகுந்துவிடுவதால், உட்கொள்ளும் பொருளுக்கு அம்முறை வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம்.

வேரையே ஏன் வளர்க்க வேண்டும், உருவற்ற செல் திரளை வளர்த்தால் போதாதா என்று மருந்தியல் மாணவர்கள் கேட்பதுண்டு. செடி தன் வேதிப்பொருளை எல்லா உறுப்பிலும் ஒன்றுபோல் செய்வதில்லை. அமுக்கராவின் மருந்துப் பொருள்கள் விதனோலைடுகள் எனப்படும். அவற்றுள் விதஃபெரின் ஏ பெரும்பாலும் இலையிலும், விதனோலைடு ஏ பெரும்பாலும் வேரிலும் சேர்கின்றன. வேராக உருப்பெறாத செல் திரளில் வேருக்குரிய பொருள் மிகக் குறைவாகவோ அறவே இல்லாமலோ போகலாம். இதற்கு நித்தியகல்யாணியைவிடத் தெளிவான சான்று இல்லை. அதிலிருந்து கிடைக்கும் புற்றுநோய் மருந்து வின்பிளாஸ்டின். கேதரந்தின், விண்டோலின் என்னும் இரு பொருள்கள் இணைந்து அது உருவாகிறது. குடுவைச் செல்கள் கேதரந்தினைச் செய்துவிடும். விண்டோலினுக்கோ இலையின் தனித்தனி வகைச் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்தாக வேண்டும். அதனால்தான் இத்தனை ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகும் அந்த மருந்துக்கு வயலில் விளைந்த இலையே பெரிதும் வேண்டியிருக்கிறது. குடுவையில் வளர்த்த நித்தியகல்யாணிச் சாற்றை எங்களிடம் கேட்டு எழுதியவர்களுக்கு இதுவே மறுமொழி.

குடுவை வென்ற இடங்களும் உண்டு. ஜப்பானின் மிட்சுய் நிறுவனம் ஷிகோனின் என்னும் சிவப்புப் பொருளைச் செல் வளர்ப்பில் உற்பத்தி செய்து 1980-களில் சந்தைக்குக் கொண்டுவந்தது. உதட்டுச் சாயத்திலும் அது சேர்ந்தது. பசிபிக் யூ மரத்தின் பட்டையை உரித்து, மரத்தையே பலிகொடுத்து எடுக்கப்பட்ட பாக்லிடாக்சல் என்னும் புற்றுநோய் மருந்து இன்று பெரிய கலன்களில் வளரும் செல்களிலிருந்தும் கிடைக்கிறது. இரண்டிலும் செடி மெதுவாக வளர்வது, வேண்டிய பொருள் ஒன்றே ஒன்று, அதன் விலையோ மிக அதிகம்.

அமுக்கரா அப்படியன்று. வறண்ட நிலத்திலும் ஆறு மாதத்தில் தோண்டி எடுத்துவிடலாம். ஆகவே வயலில் முற்றிய வேரான கிழங்கைவிட மலிவாகக் குடுவை வேரைத் தர எங்களால் முடியாது. குளிரூட்டிக்கும் மின்சாரத்துக்கும் ஆகும் செலவே அதற்கு இடம் தராது. விலை விரைவில் குறையும் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். இதை வாங்குவதற்குக் காரணம் வேறு. வயல் கிழங்கின் விதனோலைடு அளவு மண்ணுக்கும் தோண்டிய பருவத்துக்கும் ஏற்ப மாறும். பூச்சிமருந்து எச்சமும் கலப்படமும் ஏறக்கூடும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே தரத்தில் வேண்டுவோருக்கு, அதாவது சாறு வடிப்போருக்கும் ஆய்வகங்களுக்கும், குடுவை வேர் பொருந்தும். செடியின் தற்காப்பைத் தூண்டும் மெத்தில் ஜாஸ்மோனேட் என்னும் பொருளை ஊடகத்தில் சேர்த்தால் விதனோலைடு கூடுவதுண்டு, ஆனால் வேரின் எடை குறையும். கேட்போருக்கு மட்டுமே அப்படித் தயாரிக்கிறோம்.

அமுக்கரா சூரணம் செய்வோர் தயவுசெய்து இத்தூளை வாங்க வேண்டாம். 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம் ஏற்றுக்கொண்ட நூல்களின் முறைப்படியே அத்தகைய சூரணத்தைச் செய்ய வேண்டும். அந்நூல்கள் கூறுவது வயலில் முற்றிய கிழங்கை. அந்தக் கிழங்கில் விதனோலைடு மட்டுமா இருக்கிறது? மாவுச்சத்தும் வேறு பல பொருள்களும் சேர்ந்துதான் அது கிழங்கு. பாலின் ஆவியில் பிட்டுப்போல் அவித்து (பிட்டவியல்) சுத்தி செய்யும் முறையும் அதற்கென்றே வந்தது. நூல்போல் மெலிந்த எங்கள் வேருக்கு அது பொருந்துமா என்பதைச் சித்த மருத்துவர்கள் ஆராய்ந்து சொல்ல வேண்டுமே தவிர, விற்பவர்களாகிய நாங்கள் சொல்லக் கூடாது. சூரணத்துக்கு வேண்டியவர்களுக்கு எங்கள் கன்றுகளை நட்ட விவசாயிகளின் கிழங்கை வாங்கித் தர ஏற்பாடு செய்கிறோம்.

இனி வரும் பொட்டலங்களில் 'குடுவை வளர்ப்பு வேர்' என்ற சொற்கள் முகப்பிலேயே இருக்கும். மெத்தில் ஜாஸ்மோனேட் சேர்த்திருந்தால் அதுவும் அருகிலேயே அச்சாகும். தொகுதி எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்டால் அந்தத் தொகுதியின் விதனோலைடு ஆய்வறிக்கையை அனுப்பிவைப்போம்.

இங்ஙனம்,
ஆய்வகப் பொறுப்பாளர்,
மதுரை.