ஆளுநர் பிளினிக்கு ஒரு திறந்த மடல்

பித்தினியா, பொந்து (இன்றைய துருக்கியின் வடபகுதி) என்ற ரோம மாகாணத்தின் ஆளுநர் இளைய பிளினி அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பக்கம் உங்களைவிட உங்கள் தாய்மாமா மூத்த பிளினியைத்தான் அதிகம் தெரியும். இந்தியச் சரக்குக்கு ரோமப் பணம் கரைகிறதே என்று புலம்பியவர் அல்லவா! நான் எழுதுவது உங்கள் மடலைப் பற்றி. கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று சுமார் கி.பி. 112இல் பேரரசர் டிராஜனிடம் யோசனை கேட்டீர்களே, அது.

"நீ கிறிஸ்தவனா?" என்று மூன்று முறை, மிரட்டியும் கேட்டீர்கள். ஆமாம் என்றே நின்றவர்களுக்கு மரணம். ரோமக் குடிமக்களை மட்டும் ரோமுக்கு அனுப்பினீர்கள். மறுத்தவர்கள் பேரரசர் சிலைக்குச் சாம்பிராணியும் மதுவும் படைத்து, கிறிஸ்துவைச் சபித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். "மற்றவர்களை உண்மை சொல்லச் சித்திரவதை செய்கிறீர்கள், எங்களை மட்டும் பொய் சொல்லச் செய்கிறீர்கள்" என்று கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் பிற்பாடு கேலி செய்தது இதைத்தான்.

முதலில் கொலை, அப்புறம்தான் விசாரணை. அதில் என்ன கிடைத்தது? விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள், திருட மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள், பிறகு சேர்ந்து சாப்பிடுகிறார்கள். நீங்கள் சங்கங்களுக்குத் தடை போட்டதும் அந்தச் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டார்கள். சங்கம் என்றாலே உங்கள் பேரரசருக்கு ஆகாது. உங்கள் மாகாணத்து நிக்கோமேதியா நகரம் எரிந்தபின் 150 பேர் கொண்ட தீயணைப்புக் குழு கேட்டதற்கே, அரசியல் கும்பலாகிவிடும் என்று மறுத்தவர். சரி. தடைக்குப் பணிந்தவர்கள் மேல் என்ன குற்றம்? பிடிவாதமே தண்டனைக்குரியது என்கிறீர்கள்.

டிராஜன் பதில் போட்டார்: தேடிப் பிடிக்க வேண்டாம், மொட்டைக் கடுதாசியை ஏற்க வேண்டாம், புகார் நிரூபணமானால் தண்டியுங்கள். சுமார் 250இல் டெசியஸ் என்ற பேரரசர், பேரரசு முழுவதையும் தெய்வங்களுக்குப் பலி செலுத்தச் சொல்லும்வரை பெரும்பாலும் இதே கதைதான். ஊரில் யாராவது கைகாட்டினால் ஆளுநர் முன்னால் நிற்க வேண்டும். கைகாட்டாத வரை பிழைப்பு ஓடும்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். உண்மையை வரவழைக்க இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தீர்கள். சபையில் அவர்களை ஊழியக்காரிகள் என்று அழைத்தார்கள் என்பதைக் குறித்திருக்கிறீர்கள். நிக்கோமேதியாவுக்கு வந்துசேர்ந்த காலிதுரோமுஸ் என்ற அடிமையின் பெயரை வேறொரு மடலில் எழுதியவர்தானே நீங்கள்?

இந்த இருவரின் பெயர் என்ன?

இப்படிக்கு,
உங்கள் மடல்களின் வாசகன்