உனக்கு நான் கொடுத்தது

அன்புள்ள பாப்பாவுக்கு,

"உங்களுக்கும் சர்க்கரை, தாத்தாவுக்கும் சர்க்கரை. எனக்கும் வந்துதானே தீரும்? அப்புறம் எதுக்குப்பா மெனக்கெடணும்?" என்று நேற்று போனில் கேட்டாய். சட்டென்று பதில் வரவில்லை. எழுதினால்தான் எனக்குக் கோர்வையாக வரும்.

நீ சின்ன வயதில் பூனைப் பைத்தியம். அதனால் பூனையிலிருந்தே தொடங்குகிறேன். சயாமீஸ் பூனைக்கு முகம், காது, பாதம், வால் மட்டும் கருத்திருக்கும். மற்ற இடமெல்லாம் வெளிறிக் கிடக்கும். கருநிறத்தை உண்டாக்கும் நொதியின் மரபணுவில் ஒரு மாற்றம். அதனால் அந்த நொதி உடம்புச் சூட்டில் சரியாக வேலை செய்யாது, குளிர்ந்த இடத்தில் மட்டும் செய்யும். காதிலும் வாலிலும் சூடு குறைவு, அங்கே கருக்கிறது. தாய் வயிற்றில் எல்லா இடமும் ஒரே சூடு என்பதால் குட்டி பிறக்கும்போது கிட்டத்தட்ட வெள்ளையாக இருக்கும். முதுகில் ஓரிடத்தில் முடியை மழித்துவிட்டால், அங்கே குளிர் பட்டுப் புதுமுடி கருப்பாக முளைப்பதும் உண்டு. உடம்பு முழுக்க இருப்பது ஒரே மரபணு. அந்த நிறத்தில் மரபு எத்தனை பங்கு, சூடு எத்தனை பங்கு என்று எப்படிப் பிரிப்பாய்?

எல்லாம் நம் கையில்தான் என்று கதை விட மாட்டேன். ரத்த வகையை எந்தச் சாப்பாடும் மாற்றாது. ஆனால் நமக்கு வரும் இந்தச் சர்க்கரை அந்த ரகமில்லை. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் தள்ளிவிடுகின்றன, மீதியை நாம் வாழ்கிற விதம் பார்த்துக்கொள்கிறது. 2002-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு முடிவு வந்தது. சர்க்கரை வரும் விளிம்பில் இருந்த 3,000-க்கும் மேற்பட்டோரைச் சுமார் மூன்று ஆண்டு கவனித்தார்கள். எடையைக் கொஞ்சம் குறைத்து, வாரம் 150 நிமிடம் நடக்கச் சொன்ன குழுவில், வெற்று மாத்திரையும் வழக்கமான அறிவுரையும் மட்டும் பெற்ற குழுவைவிட 58 சதவீதம் குறைவாகவே நோய் வந்தது. அவர்களிலும் சிலருக்கு வந்தது, அதையும் மறைக்கவில்லை.

இன்னொன்று, சொல்லக் கூச்சமாக இருக்கிறது. தாத்தாவைக் காட்டி நானும் உன்னைப் போலவே பேசிக்கொண்டு வருடக்கணக்கில் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. 43 வயதில் மாத்திரை தொடங்கியது. மருத்துவர் "குடும்பத்தில் யாருக்காவது உண்டா?" என்று கேட்கும்போது மரபணுவை மட்டும் விசாரிப்பதாக நினைக்காதே. சாப்பிட்டதும் போய்ப் படுக்கும் பழக்கத்தை உனக்குக் காட்டியதும் நான்தான். அது எந்த மரபணுவிலும் இல்லை.

பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. வெறும் வயிற்றில் எடுத்த அளவு எவ்வளவு என்று நீ கடைசிவரை சொல்லவே இல்லை. அதை முதலில் அனுப்பு.

அப்பா