லீவு எண்டா நுவரெலியா மட்டும்தானா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

லோங் வீக்கெண்ட் வந்தா கொழும்புச் சனம் நுவரெலியாவுக்குத்தான் ஓடுது, பாதி நாள் ரோட்டுலயே போயிடும், பிள்ளையளும் பாவம். 2018ல ராம்சார் எண்ட சர்வதேச ஈரநில ஒப்பந்தத்தால ஈரநில நகரம் எண்டு பேர் வாங்கின ஊர் நம்மட கொழும்பு! கோட்டேல பெத்தகான ஈரநிலப் பூங்கா, தலவத்துகொடயில தியசரு பார்க், வத்தளை தாண்டினா முத்துராஜவெல சதுப்பு நிலம், விடியக்காலையில போனா கொக்கு, நீர்க்காகம், கபரகொய்யா (பெரிய நீர் உடும்பு) எல்லாம் பாக்கலாம், பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்துடலாம். மழைத்தண்ணிய தாங்கி வெள்ளத்த குறைக்கிறதும் இந்த சதுப்பு நிலம்தான், அங்க போய் சோறு சுத்தின லன்ச் ஷீட்ட வீசிட்டு வாறத பாத்தா வயிறு எரியுது. எந்த பஸ்ல போறது, டிக்கட் எவ்வளவு எண்டு வாரம் ஒரு இடமா உங்கட பேப்பர்ல போடுங்களேன்.

வாசகி,
வெள்ளவத்தை