லாகூரில் காத்திருக்கும் நண்பனுக்கு

அம்பாலா
1943 டிசம்பர்

டேய் நண்பா,

உன் லெட்டர் நேத்து சாயங்காலம் வந்துச்சு. வால்டன் ஏர் ஃபோர்ஸ் ட்ரெய்னிங் ஸ்கூல்ல க்ளாஸ் எல்லாம் முடிஞ்சும் போஸ்டிங் வரல, ராத்திரி தூக்கம் வரல, பேசாம வீட்டுக்கே போயிடலாமான்னு எழுதியிருக்க. மார்கழி வேற, மயிலாப்பூர்ல விடியக்காலம் பஜனை போயிட்டிருக்கும், நீ லாகூர் குளிர்ல தமிழ் பேச ஒரு ஆள் இல்லாம கிடக்குற, ஏங்காம எப்படிடா இருக்கும்? அதுக்குப் போய் கோழைன்னு உன்னை நீயே திட்டிக்காத.

இந்த ட்ரெய்னிங்லயே கஷ்டமான கட்டம் இந்தக் காத்திருப்புதான். டைகர் மாத் ட்ரெய்னிங் விமானத்துல ஏறிட்டா ஊரை நினைக்க நேரமே இருக்காது. பிரேக் கிடையாது, ரேடியோ கிடையாது, முன் சீட்லேர்ந்து இன்ஸ்ட்ரக்டர் குழாய் வழியா கத்துவார், நீ பின் சீட்ல மூஞ்சில காத்து அடிக்க அடிக்க வேகம், உயரம், காத்தோட திசை எல்லாத்தையும் ஒண்ணா கவனிக்கணும். எட்டு பத்து மணி நேரம் கூடப் பறந்தவர் ஒருநாள் திடீர்னு இறங்கிட்டு நீ போன்னுடுவார். முன் சீட் காலியா இருக்க நீ தனியா மேல எழும்புற அந்த நிமிஷத்துக்காக எத்தனை மாசம் வேணா காத்திருக்கலாம், சத்தியமா சொல்றேன்.

அதுவரைக்கும் கட்டில்ல படுத்துக் கிடக்காத, மோர்ஸ் தந்திக் குறியீடு தட்டிப் பழகு, விமானப் படங்களைப் பாரு, ஜப்பான்காரன் ஜீரோ விமானத்துக்கு மொண்ணை மூக்கு, நம்ம ஹரிக்கேனுக்குக் கூர் மூக்கு, அதைக் கண்ணு தானா சொல்லணும்.

வெள்ளைக்காரன் சண்டைக்கு ஏன் போறன்னு காலேஜ் பசங்க கேட்டது உன்னை உறுத்துது, தெரியும். போன வருஷம் ஆகஸ்ட்ல ‘வெள்ளையனே வெளியேறு’ன்னு ஜெயிலுக்குப் போனவங்க மேல எனக்கும் மரியாதை உண்டுடா. ஆனா 1942 ஏப்ரல்ல விசாகப்பட்டினத்துல குண்டு விழுந்தப்ப உங்க அம்மா மூட்டை கட்டிக்கிட்டு மெட்ராஸை விட்டு ஓடினாங்களே, அது யார் சண்டை? அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி பர்மாவுல நம்ம ஏர் ஃபோர்ஸ் மஜும்தார், குண்டு போடுறதுக்குன்னு செஞ்சது கூட இல்லாத லைசாண்டர் விமானத்துல குண்டு கட்டிக்கிட்டுப் போய் ஜப்பான்காரன் விமானத் தளத்தை அடிச்சார். நாளைக்கு நாடு நம்ம கைக்கு வரும்போது அப்படிப்பட்ட ஆளுங்க நம்மகிட்ட இருக்கணும், அதுல நீயும் ஒருத்தனா இருக்கணும்னு எனக்கு ஆசை.

பறக்கப் பழகுற ஸ்கூல்ல பேகம்பேட்டை கிடைச்சா நல்லது, ஹைதராபாத்லேர்ந்து மெட்ராஸ் பக்கம், லீவு கிடைச்சா அம்மாவைப் பாத்துட்டு வந்துடலாம். ஜோத்பூர்னா கொஞ்சம் தூரம்தான். எதுவானாலும் ஆர்டர் வந்த உடனே தந்தி கொடு, அம்பாலா வழியா வர்ற வண்டியா பாத்து ஏறு, பர்மிஷன் வாங்கிட்டு ஸ்டேஷனுக்கு வந்துடறேன். அம்மாவுக்கு இன்னிக்கே ஒரு கார்டு போடு.

உன் நண்பன்