அரைக் கட்டை

நாகர்கோவில்,
ஆடி 14

மக்கா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாயிற்று. தாமதத்துக்கு அம்மாவின் முழங்கால் ஒரு காரணம், ஆடிக்காற்று இன்னொரு காரணம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்த காற்று பின்பக்கத்து முருங்கையை முறித்துக் கரண்டு கம்பி மேலேயே போட்டுவிட்டது. இரண்டு நாள் இருட்டு. அம்மா இப்போது பரவாயில்லை. மஸ்கட்டில் நீ சரியாகச் சாப்பிடுகிறாயா, மெலிந்துவிட்டாயா என்று கேட்டாள். நீ அனுப்பிய போட்டோவைக் காட்டினேன். அப்புறம் கேட்கவில்லை.

நீ எழுதியனுப்பிய, உனக்குப் பிடித்த ராக் இசைத்தட்டுகளின் பட்டியலுக்கு வருவதற்கு முன் ஒரு விஷயம். உட்கார்ந்துகொண்டு படி. டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் 'சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்' பாட்டை நாம் அத்தனை வருடமும் தப்பான சுருதியில் வாசித்திருக்கிறோம்.

போன மாதம் மகளின் போனில் அது ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் பழைய பவுசைக் காட்டலாம் என்று கிட்டாரை எடுத்தேன். நாம் வைக்கிற மாதிரியே அரைக் கட்டை ஏற்றி ட்யூன் பண்ணி, கூடவே வாசித்தேன். நாலு நொடிதான், பிள்ளை காதைப் பொத்திக்கொண்டாள். ஏற்றியதை இறக்கிச் சாதாரணமாக வைத்ததும் கச்சிதமாகச் சேர்ந்தது. பாட்டு டி மைனரில் இருக்கிறது. நாம் வாசித்தது இ ஃபிளாட் மைனர்.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. உன் மாமா கல்ஃபிலிருந்து கொண்டுவந்த, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன்தான் அது. ஒருமுறை மோட்டார் எரிந்துபோய், ரேடியோ கடையில் வேறு மோட்டார் போட்டு வாங்கினோமே, நினைவிருக்கிறதா? கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். அதைவிட 6 சதவீதம் கூடுதலாக ஓடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். அந்த மோட்டார்களின் முதுகில் ஒரு சின்ன ஓட்டையும் உள்ளே ஒரு திருகும் இருக்குமாம். மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் திருப்பியிருந்தால் தீர்ந்திருக்கும். நமக்கு யார் சொன்னார்கள்? கோவில் கீபோர்டுக்கு ஒரு ட்யூனிங், டயர் ஸ்ட்ரெய்ட்ஸுக்கு இன்னொரு ட்யூனிங் ஏன் என்று நான் கேட்டதற்கு, "வெள்ளக்காரன் அரைக் கட்டை ஏத்தித்தாம்லே வைப்பான்" என்று நீ அடித்துச் சொன்னாய். நானும் நம்பினேன். அறுந்த முதல் கம்பிகளுக்குக் கணக்கே இல்லை. உப்புக்காற்றில் துருப்பிடித்துத்தான் அறுகிறது என்று கம்பிக்குத் தேங்காய் எண்ணெய் வேறு தடவினோம்.

இதில் எனக்குப் பெரிய ஆறுதல் ஒன்று உண்டு. 5 நிமிடம் 48 நொடிப் பாட்டு நமக்குக் கிட்டத்தட்ட 20 நொடி முன்பே முடிந்திருக்கிறது. கடைசியில் சரசரவென்று வரும் அந்த ஓட்டத்தைப் பிடிக்க முடியாமல் உன் வீட்டு மொட்டைமாடியில் ராத்திரி ராத்திரியாக விரல் தேய உட்கார்ந்திருந்தோமே, நாம் துரத்தியது அவர்களுடைய கிட்டார்காரர் மார்க் நாஃப்ளரை இல்லை. அவரைவிட வேகமான ஒரு ஆளை. அந்த ஆள் உன் மாமாவின் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தான்.

அவருடைய ஒலியையும் தலைகீழாகத்தான் தேடினோம். மனிதர் பிக் என்கிற மீட்டுத்தகடு இல்லாமல் வெறும் விரலால் வாசிக்கிறவர். அதுவும் ஃபெண்டரின் ஸ்ட்ராட் கிட்டாரில், கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற நடு பிக்கப்பும் பிரிட்ஜ் பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கிற இடம். பழைய ஸ்ட்ராட்டில் பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கிற சுவிட்சுக்கு மூன்று இடம்தான். இரண்டுக்கும் நடுவில் அதைச் சிக்கவைத்து அந்த ஒலியை எடுப்பார்கள். ஃபெண்டர் கம்பெனியே 1977-இல்தான் ஐந்து இடம் உள்ள சுவிட்சைப் போட்டது. நாமோ ட்ரெபிளை முழுக்கத் திருகிவைத்து, தடித்த பிக்கால் கீறிக்கொண்டிருந்தோம்.

சரி, உன் பட்டியல். பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் 'விஷ் யூ வேர் ஹியர்' முதலிடம் என்பதில் சண்டை இல்லை. அதில் 'ஷைன் ஆன் யூ க்ரேஸி டயமண்ட்' பாட்டில் கிட்டார் வாசிக்கிற பி ஃபிளாட், எஃப், ஜி, இ. நாலே சுரம். அந்தக் கடைசி சுரம் மற்ற மூன்றோடும் ஒட்டாமல் தனியே நிற்கும். 1975-இல் வந்த இசைத்தட்டு, இன்றைக்கும் அந்த இடத்தில் எனக்கு மூச்சு ஒரு தரம் நின்றுதான் ஓடுகிறது. ஆனால் அவர்களுடைய 'த வால்' இரண்டாமிடமா? அதில் 'கம்ஃபர்டப்ளி நம்' ஒன்றை மட்டும் எனக்குக் கொடுத்துவிட்டு மீதியை நீயே வைத்துக்கொள். அவர்களுடைய கிட்டார்காரர் டேவிட் கில்மரின் ஒலிக்காக, ஒலியைக் கரகரப்பாக்குகிற பிக் மஃப் பெடல் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக வாங்கு. அவருடைய கறுப்பு ஸ்ட்ராட் 2019-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போனது. அதோடு ஒப்பிட்டால் பெடல் மலிவுதான். ஆனால் அவர் கம்பியை வளைக்கிற விதத்தைக் கவனி. நாதஸ்வரக்காரர் மாதிரி அவசரமே இல்லாமல் போய்ச் சுரத்தில் சேருவார். நீ எப்போதும் பாதி வழியில் கைவிடுகிறவன். அதற்குப் பெடல் விற்பதில்லை.

பிளாக் சபாத் குழுவின் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யை விட்டுவிட்டாயே, அதுதான் எனக்குக் கோபம். அதில் அவர்களுடைய கிட்டார்காரர் டோனி அயோமி கிட்டாரை ஒன்றரைக் கட்டை இறக்கி வைத்திருப்பார். நாம் ஏற்றினோம், அவர் இறக்கினார், அவ்வளவுதான் வித்தியாசம்! பதினேழு வயதில் தகரத் தொழிற்சாலை இயந்திரம் அவருடைய வலது கையின் இரண்டு விரல் நுனிகளைக் கொண்டுபோய்விட்டது. இடக்கைக்காரர் என்பதால் போனது கம்பியை அழுத்துகிற கையின் விரல்கள். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குக் குப்பி செய்து மாட்டிக்கொண்டார். கம்பி தளர்ந்திருந்தால் வலி குறையும் என்றுதான் பின்னால் சுருதியை இறக்கினார். அப்படி வந்தது அந்தக் கனம்.

இதை ஏன் நீட்டுகிறேன் என்றால், ஞாயிற்றுக்கிழமை என்னிடம் கிட்டார் படிக்க வருகிற ஒரு பையன். குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுகிறான். கத்தி வழுக்கி இடது சுட்டுவிரலில் ஆழமாக வெட்டிவிட்டது. தையல் பிரித்த பிறகும் விரல் முழுசாக மடங்கவில்லை. இனி வரவில்லை அண்ணே என்றான். நான் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. 1971-இல் வந்த அந்த இசைத்தட்டைப் போட்டு, முதல் பாட்டு முடிந்ததும் விரல் கதையைச் சொன்னேன். "எந்த பாட்டில் அண்ணே?" என்று கேட்டான். பாத்திரம் கழுவுகிற திரவத்தின் பாட்டில் என்றேன். அடுத்த ஞாயிறு வந்தான். இப்போது, விரலில் குழாயை மாட்டிக் கம்பிமேல் வழுக்கவிடுகிற ஸ்லைடு வாசிக்கப் பழகுகிறான். சுமாராகத்தான் வருகிறது, ஆனால் வருகிறான்.

டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' பற்றி நேரில் பேசுவோம். ஒன்று மட்டும்: அதிலுள்ள 'மனி ஃபார் நத்திங்' பாட்டில் கிட்டாரின் அந்த மூக்கடைத்த ஒலி, மைக் சரிந்து தரையைப் பார்த்துக் கிடந்ததால் கிடைத்தது. அதைப் பதிவு செய்த மான்ட்செராட் தீவு ஸ்டூடியோவை 1989-இல் ஹியூகோ புயல் முடித்துவிட்டது. ஒக்கியைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு முன்பே வந்துவிடு. வரும்போது எர்னி பால் 9-42 கம்பி நாலு செட் எடுத்து வா. இப்போது முதல் கம்பி அவ்வளவு அறுவதில்லை, இருந்தாலும் கையிருப்பு வேண்டும்.

அப்புறம், அந்த டூ-இன்-ஒன் மாமா வீட்டுப் பரணில் இன்னும் இருக்கிறதா என்று கேட்டுச் சொல். சரியான சுருதியில் ஒரு மாதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் யாரோ நடுத்தர வயதுக்காரர் வாசிக்கிற மாதிரி இருக்கிறது. பெட்டி கிடைத்தால் பெல்ட் மட்டும் மாற்றிக்கொள்வோம். அந்தத் திருகை யாரும் தொடக் கூடாது.

உன்,
வடசேரிக்காரன்