தானம் வந்த மாட்டையும் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கா தன் அனைத்துலக மேம்பாட்டு உதவி அமைப்பை 2025 ஜூலை 1ஆம் தேதியுடன் மூடிவிட்டது. தேசிய வருமானத்தில் 0.5 விழுக்காடாக இருந்த வெளிநாட்டு உதவியை 2027க்குள் 0.3 விழுக்காடாகக் குறைக்கப்போவதாக பிரிட்டன் அறிவித்திருக்கிறது. 1970ல் ஐநா பொதுச்சபை வகுத்த இலக்கோ 0.7 விழுக்காடு. இதையெல்லாம் பார்த்து, பணக்கார நாடுகள் கொள்கையைக் கைவிட்டுச் சுயநலத்திற்குத் தாவிவிட்டன என்று பலரும் வருந்துகிறார்கள். வருத்தத்தில் நியாயம் உண்டு. மருந்துக்கும் தடுப்பூசிக்கும் வந்துகொண்டிருந்த பணம் நின்றால் உயிர்தான் போகும். ஆனால் சுயநலம் நேற்று முளைத்ததல்ல. உதவி ஒப்பந்தங்களைப் பின்னிணைப்பு வரை படித்தவர்களுக்கு இது தெரியும். முகவுரையில் நட்பும் கூட்டாண்மையும் இருக்கும். கொள்முதல் விதி, நாணயம், கட்டணம், வழக்காடும் இடம் எல்லாம் கடைசிப் பக்கங்களில் இருக்கும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். நாடுகளுக்கு இடையிலான தானத்தில் அந்தப் பல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கொள்முதல் விதியிலிருந்து தொடங்குகிறேன். கடன் தரும் நாடு, அந்தப் பணத்தில் தன் நாட்டு நிறுவனங்களிடமே பொருளும் பணியும் வாங்க வேண்டும் என்று நிபந்தனை போடும். போட்டி இல்லாததால் விலை ஏறும். இப்படிக் கட்டிப்போட்ட உதவியால் செலவு 15 முதல் 30 விழுக்காடு வரை கூடுகிறது என்பது பொருளியல் ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பான ஓஇசிடியின் கணக்கு. ஒரு குடிநீர்த் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். திறந்த ஏலக்குத்தகையில் அது 80 மில்லியன் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) முடியும். நிபந்தனைக் கடனில் அதே வேலைக்கு 100 மில்லியன் ஆகிறது. நிபந்தனைக் கடனுக்கு வட்டி 2 விழுக்காடு, சந்தைக் கடனுக்கு 4 விழுக்காடு, இரண்டுக்கும் 20 ஆண்டுத் தவணை. பார்த்த மாத்திரத்தில் 2 விழுக்காடு பெரிய சலுகையாகத் தெரியும். ஆண்டுத் தவணையைப் போட்டுப் பாருங்கள். சலுகைக் கடனுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 6.12 மில்லியன், சந்தைக் கடனுக்கு 5.89 மில்லியன். சலுகை என்று வாங்கியதுதான் அதிக விலை. இருபது ஆண்டுகளில் நாலரை மில்லியனுக்கு மேல் கூடுதலாகப் போகிறது. விலையில் ஏறிய 20 மில்லியன் கடன் கொடுத்த நாட்டு நிறுவனத்தின் கணக்கில் போய்ச் சேர்கிறது, அந்த நாட்டு அரசின் கணக்கில் உதவியாகவும் பதிவாகிறது.

வட்டியோடு கணக்கு முடிவதில்லை. ஒப்புக்கொண்ட கடனில் இன்னும் எடுக்காத தொகைக்கும் பல ஒப்பந்தங்களில் கட்டணம் உண்டு. நிலம் கையகப்படுத்தத் தாமதமானால் ஒரு செங்கல்கூட வைக்காமலே அந்தக் கட்டணத்தைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். நாணயமும் அப்படியே. 1985 செப்டம்பரில் ஒரு டாலருக்கு 240 யென் அளவில் இருந்த மதிப்பு, 1988 தொடக்கத்தில் 120 யென் அருகே வந்தது. யென்னில் கடன் வாங்கி டாலரில் சம்பாதித்த நாடுகளுக்கு, புதிதாக ஒரு காசு வாங்காமலே பழைய கடன் இரட்டிப்பானது.

சிங்கப்பூரில் இருக்கும் நமக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் கிடக்கிறது. மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் உள்ள பெர்காவ் அணைக்கு பிரிட்டன் 234 மில்லியன் பவுண்டு உதவி தந்தது. 1988ல் இரு நாடுகளும் ஆயுத விற்பனைக்காகச் செய்துகொண்ட உடன்பாட்டில் உதவியும் சேர்த்துப் பேசப்பட்டது. 316 மில்லியன் பவுண்டு என்று சொல்லப்பட்ட அணையின் செலவு சில வாரங்களில் 397 மில்லியனானது. எரிவாயுச் சுழலியில் மின்சாரம் எடுப்பது இதைவிடச் சிக்கனம் என்று பிரிட்டனின் உதவித் துறை அதிகாரிகளே எழுத்தில் எதிர்த்தார்கள். 1991ல் அமைச்சர் அதை மீறி ஒப்புதல் தந்தார். ஓர் அரசுசாரா அமைப்பு வழக்குத் தொடுக்க, லண்டன் உயர் நீதிமன்றம் 1994 நவம்பரில் அந்த உதவி சட்டவிரோதம் என்றது. மேம்பாட்டு உதவிக்கான பணத்தை மேம்பாட்டுக்கு ஒவ்வாத திட்டத்திற்குக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்பதே தீர்ப்பின் சாரம். பிறகு 2002ல் வந்த பிரிட்டிஷ் சட்டம், வறுமைக் குறைப்புக்கு உதவும் என்றால்தான் உதவிப் பணத்தைத் தரலாம் என்று எழுதி வைத்தது. அந்த நாட்டின் கொள்கை உணர்வைத் தட்டி எழுப்பியது மேடைப் பேச்சல்ல. கணக்காய்வு அறிக்கை, எழுத்தில் பதிந்த எதிர்ப்பு, வழக்குப் போட வழி ஆகிய மூன்றும்தான் அதைச் செய்தன. மூன்றும் கொடுத்த நாட்டில் இருந்தன என்பதையும் கவனிக்க வேண்டும்.

இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைப் பற்றி நம்மிடையே நிறையப் பேச்சு உண்டு, பெரும்பாலும் பாதி உண்மையோடு. உதவி என்று கடன் கொடுத்து, அதைக் கட்ட முடியாதபோது சீனா துறைமுகத்தையே எடுத்துக்கொண்டது என்பார்கள். முதல் கட்டத்திற்கு சீன அரசின் எக்சிம் (ஏற்றுமதி இறக்குமதி) வங்கி கொடுத்த 307 மில்லியன் டாலருக்கு வட்டி 6.3 விழுக்காடு. இதை உதவி என்று சொல்ல முடியாது, வணிகக் கடன். 2017ல் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனபோது கிடைத்த 1.12 பில்லியன் டாலர் அந்தக் கடனை அடைக்கப் போகவில்லை. நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது. துறைமுகக் கடன் அப்படியே இருந்தது. 2022 ஏப்ரலில் இலங்கை கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தபோது அதன் வெளிக்கடனில் மிகப் பெரிய பங்கு அனைத்துலகச் சந்தையில் விற்ற கடன் பத்திரங்களுடையது. கடன் கொடுத்தவரின் உள்நோக்கத்தை மட்டும் அலசிக்கொண்டிருந்தால், எந்த வட்டிக்கு, எந்தத் தவணைக்கு, எந்த வருமானத்தை நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள் என்ற கேள்வி தப்பிவிடும்.

நல்ல கூட்டாண்மை எப்படி இருக்கும் என்று கேட்டால் நான் ஓர் அடிகுழாயைக் காட்டுவேன். 1960களின் கடைசியில் யூனிசெஃப் துணையோடு இந்தியாவின் கடும்பாறைப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன. அவற்றின் மேல் வைத்தது வார்ப்பிரும்புக் குழாய். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு குடும்பம் தன் வீட்டு முற்றத்தில் வைத்துக்கொண்ட குழாயின் நகல் அது. ஓர் ஊரே விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அடித்தால் அச்சாணி தேயும், கைப்பிடி ஒடியும். கிணறு இருந்தும் தண்ணீர் இல்லை. சோலாப்பூரில் எஃகைப் பற்றவைத்துச் செய்த ஒரு குழாயை அடிப்படையாக வைத்து, சென்னையில் இருந்த ஓர் அரசுப் பொறியியல் நிறுவனமும் யூனிசெஃப்பும் புது வடிவம் கொண்டுவந்தன. கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிணறுகளில் அதைச் சோதித்தார்கள். அதுதான் இந்தியா மார்க் 2. வடிவத்திற்கு யாரும் காப்புரிமை வாங்கவில்லை. 1979ல் இந்தியத் தர அளவை வந்தது. அந்த அளவுக்குச் செய்யத் தெரிந்த எந்தப் பட்டறையும் செய்யலாம், எந்தக் கடையும் உதிரிபாகம் விற்கலாம்.

அதிலும் குறை இருந்தது. அடியில் இருக்கும் தோல் வாசர் தேய்ந்தால், அதை மாற்ற மொத்தக் குழாயையும் மூன்று மூன்று மீட்டராகக் கழற்றி மேலே இழுக்க வேண்டும். முக்காலியும் கவ்விகளும் நாலு ஆளும் வேண்டும், வட்டாரத் தலைமையிடத்திலிருந்து வண்டி வர வேண்டும். ஒரு சின்ன வாசருக்காக ஊர் வாரக்கணக்கில் காத்திருக்கும். 1980களில் மறுபடி கோயம்புத்தூரில் சோதனை நடத்தி, குழாயை அகலமாக்கி, உள்ளிருக்கும் தண்டோடு பிஸ்டனை மட்டும் உருவி எடுக்கும்படி மாற்றினார்கள். தோலுக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வந்தது. அகலக் குழாய்க்கு விலையும் எடையும் கூடுதல்தான். ஆனால் பழுதுபார்க்கும் சக்தி ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. அதே காலத்தில் ஆப்பிரிக்காவில் பல நன்கொடை நாடுகள் தத்தம் நாட்டு மாதிரிகளைக் கொண்டுபோய் இறக்கின. ஒரே வட்டாரத்தில் நாலைந்து வகைக் குழாய், ஒன்றின் உதிரிபாகம் மற்றொன்றுக்குப் பொருந்தாது. திட்டம் முடிந்து பொறியாளர் ஊர் திரும்பியதும் குழாயும் நின்றது. கொடுத்தவர் மனத்தில் நல்லெண்ணம் இல்லாமலில்லை. உதிரிபாகம் எங்கிருந்து வரும் என்று ஒப்பந்தத்தில் யாரும் எழுதவில்லை.

நம் சொந்த அனுபவத்துக்கு வருவோம். சீனாவின் சுஜோ நகரில் தொழிற்பேட்டை 1994ல் சீன, சிங்கப்பூர் தலைவர்களின் முழு ஆசியோடு தொடங்கியது. நம் கூட்டமைப்புக்கு 65 விழுக்காடு, சீனத் தரப்புக்கு 35 விழுக்காடு. ஆனால் அதே நகருக்குச் சொந்தமாக இன்னொரு தொழில் வட்டாரம் பக்கத்திலேயே இருந்தது. அங்கே வரும் முதலீட்டின் பலன் முழுவதும் நகருக்கு, நம்மோடு சேர்ந்த பேட்டையில் சிறு பங்கு மட்டுமே. முதலீட்டாளரை நகர அதிகாரி எந்தப் பக்கம் கூட்டிப்போவார்? பெய்ஜிங்கில் கொடுத்த வாக்குறுதி நகர மன்றத்தின் வரவுசெலவை மாற்றவில்லை. நட்டம் 90 மில்லியன் அமெரிக்க டாலர் அளவுக்குப் போன பின், 2001 தொடக்கத்தில் பங்கு தலைகீழானது: சீனத் தரப்புக்கு 65, நமக்கு 35. அந்த ஆண்டிலேயே பேட்டை லாபம் காட்டத் தொடங்கியது. பங்காளியின் சுயநலம் பேட்டையின் வெற்றியோடு கட்டப்பட்டதும் வேலை நடந்தது. எனக்குத் தெரிந்து கூட்டாண்மை பற்றி சிங்கப்பூர் கட்டணம் கட்டிக் கற்ற மிகப் பெரிய பாடம் இதுவே.

மறுபக்கத்தில் நாம் பெற்றவர்களாகவும் இருந்திருக்கிறோம். 1972ல் பொருளியல் வளர்ச்சிக் கழகமும் டாட்டா நிறுவனமும் சேர்ந்து பயிற்சி நிலையம் தொடங்கின, அடுத்த ஆண்டு ஜெர்மானியக் கேமரா நிறுவனமான ரோலையோடு இன்னொன்று. ரோலை 1981ல் நொடித்துப்போய்க் கிளம்பிவிட்டது. ஆனால் நுண்பொறியியல் கற்ற கைகள் இங்கேயே தங்கின. தன் தேவைக்காக வந்தவர் தன் கஷ்டத்துக்காகப் போனார், திறன் போகவில்லை.

இப்போது நாம் பணக்காரத் தரப்பில் உட்கார்ந்திருக்கிறோம். பருவநிலை மாற்றத்திற்கான பாரிஸ் உடன்பாட்டின் 6ஆம் பிரிவின்கீழ் பாப்புவா நியூ கினி, கானா, பூட்டான், பெரு முதலிய நாடுகளோடு கரிமப் புள்ளிகளுக்கு உடன்பாடு செய்திருக்கிறோம். ஒரு டன் கரிம வெளியேற்றத்தைக் குறைத்ததற்கான சான்றுதான் ஒரு புள்ளி. 2024ல் டன்னுக்கு 25 வெள்ளியாக இருந்த கரிம வரி 2026ல் 45 வெள்ளி. நிறுவனங்கள் வரிக்குரிய வெளியேற்றத்தில் 5 விழுக்காடு வரை வெளிநாட்டுப் புள்ளிகளால் ஈடுசெய்யலாம். ஓர் ஆலை 100,000 டன் வெளியேற்றுகிறது என்றால் 5,000 டன்னுக்குப் புள்ளி வாங்கலாம். புள்ளி 30 வெள்ளிக்குக் கிடைத்தால் ஆலைக்கு 75,000 வெள்ளி மிச்சம். இது நம் நலன், மறைக்க ஒன்றுமில்லை.

விற்கும் நாட்டின் கணக்கில் நடப்பது வேறு. நமக்கு விற்ற ஒவ்வொரு டன்னையும் அந்த நாடு தன் வெளியேற்றக் கணக்கில் திரும்பக் கூட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஒரே டன்னை இருவரும் எண்ணியதாகிவிடும். ஆகவே செலவு குறைவான குறைப்புகளை நமக்கு விற்றுவிட்டால், அவர்கள் தங்கள் சொந்த இலக்கை எட்ட மிச்சமிருப்பது செலவு மிகுந்தவை மட்டுமே. பாப்புவா நியூ கினியில் சுமார் 97 விழுக்காடு நிலம் குலங்களின் மரபுரிமை நிலம். காட்டுத் திட்டத்தில் கையெழுத்திடும் அமைச்சும் காட்டைக் காக்கும் குலமும் வேறு வேறு.

நம் உடன்பாடுகளில் நல்ல விதிகள் உண்டு. வருவாயில் 5 விழுக்காடு விற்கும் நாட்டின் பருவநிலைத் தகவமைப்புக்குப் போக வேண்டும், 2 விழுக்காடு புள்ளிகளை யாரும் பயன்படுத்தாமல் ரத்து செய்ய வேண்டும். புள்ளிகளுக்கு ஏழு தகுதி விதிகளும் இருக்கின்றன. குறைப்பு உண்மையானதா, நிலைக்குமா, இரட்டை எண்ணிக்கை இல்லையா, ஊறு விளைவிக்காதா என்றெல்லாம் அவை கேட்கின்றன. விற்ற விலையில் எத்தனை வெள்ளி நிலத்துக்குரியவர் கையில் சேர்ந்தது என்று அந்த ஏழில் ஒன்றும் கேட்கவில்லை.

2025 செப்டம்பரில் நம் அரசாங்கமே கானா, பெரு, பராகுவே திட்டங்களிலிருந்து 2.175 மில்லியன் டன்னுக்கு 76 மில்லியன் வெள்ளி அளவில் ஒப்பந்தம் செய்தது. டன்னுக்குச் சராசரி 35 வெள்ளி. இந்த 35 வெள்ளி எப்படிப் பிரிகிறது? திட்டம் நடத்துபவருக்கு, சரிபார்ப்பவருக்கு, அந்நாட்டு அரசுக்கு, நிலத்தவருக்கு எவ்வளவு என்று திட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று தேசியப் பருவநிலை மாற்றச் செயலகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். எட்டாவது தகுதி விதியாக அதையே சேர்த்தாலும் நல்லது. இன்னொன்றும் உடனே செய்யலாம். 1992 முதல் சிங்கப்பூர் ஒத்துழைப்புத் திட்டத்தில் 180க்கும் மேற்பட்ட நாடுகளின் அதிகாரிகள் 150,000க்கு மேற்பட்டோர் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். புள்ளி விற்கும் நாடுகளின் அதிகாரிகளுக்கு, எந்தக் குறைப்பை விற்பது, எதைச் சொந்த இலக்குக்கு வைத்துக்கொள்வது, என்ன விலை கேட்பது என்று நம்மோடு பேரம் பேசக் கற்றுத்தரும் பாடமும் அதில் இருக்கட்டும். முதல் தொகுதியை பாப்புவா நியூ கினி, கானா அதிகாரிகளுடன் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தெம்பனிஸ்