பியர் ஸ்டேஷனிலிருந்து ஒரு கடிதம்

தலைமன்னார் பியர்

அன்புள்ள மச்சான்,

புதுப் பாம்பன் பாலத்தில் போகும்போது எடுத்த படங்கள் வந்து சேர்ந்தன. அக்காவுக்குச் சுகம் என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே அம்மாவுக்குக் கண் ஒப்பரேஷன் முடிந்தது. கண்ணாடி போட்ட அன்றைக்கே மீன்காரனைக் கூப்பிட்டு, பாரை மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, “நேற்றையது” என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதனால் சுகம்தான்.

கப்பல்துறையான பியரில் நம் ஸ்டேஷன் இன்னும் இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். இருக்கிறது, ஆனால் நீ விட்டுப்போனது இல்லை. நீங்கள் வள்ளம் ஏறிய 1990இலேயே றெயில் கோச்சியும் நின்றுபோனது. மன்னார்த் தீவுக்கு வரும் றெயில் பாலத்தை உடைத்தார்கள். பாதையில் கிடந்த தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போயின. சண்டை முடிந்த பிறகு, இந்தியா கொடுத்த கடனில் இர்கொன் கம்பனி எல்லாவற்றையும் புதிதாகப் போட்டது. மதவாச்சியிலிருந்து மடு றோட் வரை 2013 மே மாதம் திறந்தார்கள், பியர் வரை 2015 மார்ச் 14. அன்றைக்கு மோடி இங்கேயே வந்து கொடி காட்டினார். பழைய பியரின் துருப்பிடித்த மிச்சம் மட்டும் வெளிச்சவீட்டுப் பக்கம் கடலுக்குள் நிற்கிறது.

பியர் என்றதும் வெளியூர்ச் சனம் எல்லாம் கப்பல் கதைதான் கேட்கிறார்கள். போன மாதம்கூட ஒருவர் கமராவோடு வந்து மினக்கெட்டுக் கேட்டார். சொன்னேன். 1914இல் அங்கே பாம்பன் பாலம், இங்கே மதவாச்சியிலிருந்து வரும் இந்தப் பாதை, நடுவில் தனுஷ்கோடிக்குக் கப்பல். எழும்பூரில் வாங்கிய டிக்கெட்டோடு கொழும்பு வரைக்கும் வரலாம். கடலுக்கு மேலேயே தண்டவாளம் போடும் யோசனையும் அந்தக் காலத்தில் இருந்தது, நடக்கவில்லை. போட்டிருந்தாலும் பெட்டிகள் நேரே ஓடியிருக்காது. அங்கே மீற்றர் கேஜ், இங்கே ஐந்தரை அடி அகலப் பாதை. 64 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியது. எண்பதுகளில் அதுவும் நின்றது. அவர் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டு போனார்.

அவரிடம் சொல்லாமல் விட்டது மலையகச் சனத்தின் கதை, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பரம்பரை. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிக்கொடுத்தார்களே, அவர்களில் பெரும் பகுதி போனது இந்த வழியால்தான். உனக்கு ஞாபகம் இருக்கும்: பெட்டி படுக்கை, கோழிக்கூடு, அம்மி எல்லாவற்றோடும் இறங்குவார்கள். ஒப்பாரிக் கோச்சி என்று தோட்டங்களில் சொன்ன வண்டி அது. இங்கே வந்து சேரும்போது அநேகமாக அழுது முடித்திருப்பார்கள். சின்னப் பிள்ளைகள் மட்டும் கடலைக் கண்டு துள்ளும். ‘இராமானுஜம்’ கப்பல் வெளிக்கிடும்வரை நாங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்போம். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது நமக்கு என்ன தெரியும்? பிறகு உன் குடும்பமே அதே கரைக்கு, டிக்கெட்டும் இல்லாமல் போகவேண்டி வந்தது.

சரி, இப்போதைய கதைக்கு வருவோம். இந்தப் பாதையை எங்களுக்காக யாரும் போடவில்லை மச்சான். கப்பல் பிடிக்கப் போகிறவனுக்கும், தோட்டத்துக்கு ஆள் ஏற்றவும் போட்டது. பேசாலையும் தோட்டவெளியும் வழியில் கிடந்த ஊர்கள், அதனால் கோச்சி அங்கேயும் நின்று எடுத்தது, அவ்வளவுதான். இன்றைக்குக் கப்பலும் இல்லை, ஏறுகிறவர்கள் நாங்கள்தான். என் மூத்த மகள் கொழும்பிலிருந்து இரவுக் கோச்சியில் வருகிறாள். பஸ்ஸில் வந்தால் இடுப்பு போய்விடும் என்கிறாள். ஆகஸ்ட் மடுத் திருநாள் வந்தால் மடு றோட்டில் இறங்குகிற சனத்தைப் பார்க்கவேண்டும்.

பேசாலை ஸ்டேஷனை ஒருநாள் நீ பார்க்கவேண்டும். ரெஜிபோம் (உங்கள் பக்கத்துத் தெர்மோகோல்) பெட்டிக்குள் மீன், மேலே ஐஸ், சுற்றிவர பழுப்பு நிற ஒட்டுத்தாள். ஒட்டின இடம் ஒன்று எப்படியும் விடும். சீற்றுக்குக் கீழே மீன் தண்ணீர் ஓடும். எதிரே வெள்ளைச் சாரத்தோடு இருப்பவர் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பெட்டிக்காரனை ஏசுவார். மதவாச்சி வருவதற்குள் இரண்டு பேரும் நண்பர்களாகி, கருவாட்டு விலை கதைப்பார்கள்.

ஒரு குறையும் சொல்லவேண்டும். புதுப் பாதையைப் பளபளவென்று போட்டார்கள், றோட்டுக் கடவைகளை அந்த அளவுக்குக் கவனிக்கவில்லை. 2021 மார்ச்சில் பியர்ப் பக்கத்துக் கடவையில் பஸ்ஸும் கோச்சியும் மோதி, பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று போய்விட்டது. இருபத்தைந்து வருடம் கோச்சியே பார்க்காத ஊருக்கு, ஆள் நிற்கிற கேற்றைத்தான் முதலில் கொடுத்திருக்கவேண்டும். கொடி காட்டுவது அப்புறம் நடந்திருக்கலாம்.

கப்பல் திரும்ப வரப்போகிறது என்று இங்கே அடிக்கடி கதை அடிபடும். 2023இல் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு விட்டார்கள் அல்லவா, அதிலிருந்து இன்னும் கூட. வந்தால் நல்லதுதான், ஆனால் நீ அதற்காகக் காத்திருக்காதே. காங்கேசன்துறையில் இறங்கினாலும் சரி, விமானத்தில் கொழும்புக்கு வந்தாலும் சரி, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். கொழும்பு என்றால் மகளோடு கோச்சியில் வா. புறப்படுமுன் வண்டி ஓடுகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள். பாதை வேலை என்று இடையிடையே நிறுத்திவிடுகிறார்கள்.

உன் பாஸ்போட் அலுவல் எந்தளவில் நிற்கிறது என்று எழுது. பிறப்புச் சான்றிதழ் பிரதி வேண்டுமென்றால் மன்னார் கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், நான் எடுத்து அனுப்புகிறேன், தகப்பனார் பெயரை முழுதாக எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் பியர்க்காரன்